ஐந்தாம் வாரத்தில் லோஷன் அடியில் தண்ணீர் நிற்கிறது: எமல்சிஃபையர் போதவில்லையா?

புதுக்குடுவை
மார்ச் 3, காலை 10.20

எண்ணெய் குறைவாகவும் தண்ணீர் அதிகமாகவும் உள்ள கை லோஷன். 100 கிராமுக்கு என் அளவு:

தண்ணீர் 63.6
கற்றாழைச் சாறு 10
கிளிசரின் 4
எமல்சிஃபையிங் வாக்ஸ் (எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிடிக்கும் எமல்சிஃபையர்: செட்டோஸ்டியரில் ஆல்கஹால் + பாலிசார்பேட் 60) 4
சூரியகாந்தி எண்ணெய் 10
ஷியா வெண்ணெய் 4
செட்டைல் ஆல்கஹால் 2
கார்போமர் (நீரை ஜெல்லாக்கும் பொடி) 0.2
சோடியம் ஹைட்ராக்சைடு 10% கரைசல் 0.8
சோடியம் பென்சோயேட் 0.5
பொட்டாசியம் சோர்பேட் 0.3
வாசனை 0.6

பிஎச் 6.2. நாலு வாரம் நன்றாக இருந்தது, ஐந்தாம் வாரம் பாட்டிலின் அடியில் ஒரு விரல் அகலத்துக்குக் கலங்கல் தண்ணீர். வாக்ஸை 6 ஆக ஏற்றி மறுபடி செய்தேன். கெட்டியாக வந்தது, தேய்த்தால் வெள்ளை வெள்ளையாக இழுத்தது, அடியில் தண்ணீர் மட்டும் அப்படியே. இன்னும் ஏற்றவா?

துலாக்கோல்
மார்ச் 3, பிற்பகல் 1.05

ஏற்ற வேண்டாம். உங்கள் எண்ணெய்ப் பகுதி 10 + 4 + 2 = 16 கிராம். இந்த வகை வாக்ஸ் எண்ணெயின் எடையில் ஐந்தில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்று வரை இருந்தால் போதும். 16க்கு 4 என்பது சரியாக நான்கில் ஒன்று. 6 போட்டபோது கூடியது கெட்டித்தன்மையும், தேய்க்கும்போது வரும் வெள்ளை நுரையும்தான்.

பிரிவது எப்படி என்று முதலில் பாருங்கள். மேலே தனி எண்ணெய், கண்ணாடி போல மஞ்சளாக மிதந்தால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து உடைந்துவிட்டன. அதை எவ்வளவு குலுக்கினாலும் பழையபடி ஆகாது. அடியில் தண்ணீரும் மேலே கெட்டியான வெள்ளையும் நின்று, குலுக்கினால் ஒன்றாகிவிட்டால் துளிகள் உடையவில்லை, பாலில் ஏடு போல மேலே ஏறியிருக்கின்றன. மூன்றாவது வகை, எண்ணெயும் இல்லாமல் ஏடும் இல்லாமல் மணல் மணலாக வருவது. அது ஷியாவோ செட்டைல் ஆல்கஹாலோ படிகமாவது.

உங்களுடையது இரண்டாவது வகை போலத் தெரிகிறது. துளி மேலே ஏறும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம், சுற்றியுள்ள நீரின் கெட்டித்தன்மைக்குத் தலைகீழ் விகிதம். துளி பாதியானால் வேகம் கால்பங்கு. கை விஸ்க்கால் கலக்கினால் துளி பெரிதாகவே நிற்கும், அதுதான் காரணமாக இருக்கும். எதை வைத்துக் கலக்கினீர்கள்?

துலாக்கோல்
மார்ச் 3, இரவு 8.40

விஸ்க் என்று அவசரப்பட்டுச் சொன்னேன். விஸ்க்கால் செய்தது முதல் சில நாளிலேயே ஏடு கட்டத் தொடங்கும், நாலு வாரம் தாங்காது. மெல்ல மெல்ல நீர்த்துப் போயிருந்தால் கதை வேறு. முதல் வாரம் இருந்த கெட்டி மூன்றாம் வாரம் இருந்ததா?

புதுக்குடுவை
மார்ச் 4, காலை 7.15

கை பிளெண்டரால் 3 நிமிடம். மேலே எண்ணெய் இல்லை, குலுக்கினால் ஒன்றாகிறது. இரண்டாம் நாள் நல்ல கெட்டி, இரண்டாம் வாரமே தளர்ந்துவிட்டது. கார்போமரைத் தண்ணீரில் ஊறவைத்து, எல்லாம் கலந்தபின் காரக் கரைசல் விட்டேன். பென்சோயேட், சோர்பேட் இரண்டையும் 40 டிகிரியில் கடைசியாகச் சேர்த்தேன். இதில் என்ன தப்பு?

துலாக்கோல்
மார்ச் 4, காலை 9.30

கார்போமர். விஸ்க் பற்றிச் சொன்னதை விட்டுவிடுங்கள்.

கார்போமர் நீண்ட அமிலச் சங்கிலி. காரம் விட்டதும் சங்கிலி முழுக்க எதிர்மின்னூட்டம் ஏறி, தன் பகுதிகளே ஒன்றையொன்று தள்ளி விரிகிறது. கெட்டி வருவது அந்த விரிவினால். தண்ணீரில் உப்பு கரைந்தால் நேர்மின் அயனிகள் அந்த மின்னூட்டத்தை மறைத்துவிடும், சங்கிலி சுருளும், ஜெல் நீர்க்கும். பென்சோயேட் சோடியம் உப்பு, சோர்பேட் பொட்டாசியம் உப்பு, கற்றாழைச் சாற்றில் கனிம உப்புகள் ஏராளம். 0.2% கார்போமர் மேல் மூன்று பக்கமும் உப்பு.

இரண்டாம் நாள் இருந்த கெட்டியை கார்போமர் தந்தது என்று நினைத்திருப்பீர்கள். பெரும்பகுதி செட்டைல் ஆல்கஹாலும் வாக்ஸும் ஆறும்போது கட்டிய வலையினுடையது. அந்த வலை முழுக்க அமைய ஒன்றிரண்டு நாள் ஆகும், அதனால்தான் செய்த அன்று அளந்த கெட்டியை நம்பக்கூடாது என்கிறோம். வலை நாளடைவில் சற்றுத் தளரும்போது நீர்ப்பகுதியில் தாங்க ஒன்றும் மிச்சமில்லை.

சரிபார்க்க: 50 கிராம் தண்ணீரில் 0.1 கிராம் கார்போமர் மட்டும் ஊறவைத்து காரம் விட்டு ஜெல் எடுங்கள். இரண்டாகப் பிரித்து ஒன்றில் பென்சோயேட் 0.5% போடுங்கள். ஐந்து நிமிடத்தில் வித்தியாசம் கரண்டியிலேயே தெரியும்.

மத்து
மார்ச் 4, மாலை 6.50

தண்ணீர் பிரிவதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. பிஎச் 6.2ல் பென்சோயேட், சோர்பேட் என்ற அந்த இரண்டு பிரிசர்வேட்டிவும் (கிருமி வளராமல் காக்கும் பொருள்) வேலை செய்யாது.

நுண்ணுயிரின் சவ்வைத் தாண்டி உள்ளே போவது பிரியாத அமிலம், உப்பாக நிற்கும் பகுதியால் பயன் மிகக் குறைவு. பென்சோயிக் அமிலத்தின் பிகேஏ (பாதி அமிலம் பிரிந்து நிற்கும் பிஎச்) 4.2, சோர்பிக்கின் பிகேஏ 4.76. கணக்குப் போட்டால், பிரியாமல் நிற்கும் பங்கு:

பிஎச் 5.0: பென்சோயிக் 13.7%, சோர்பிக் 36.5%
பிஎச் 5.5: பென்சோயிக் 4.8%, சோர்பிக் 15.4%
பிஎச் 6.2: பென்சோயிக் 1%, சோர்பிக் 3.5%

நீங்கள் போட்ட பென்சோயேட்டில் நூறில் தொண்ணூற்றொன்பது பங்கு சும்மா கரைந்து கிடக்கிறது. அந்த ஐந்து வார பாட்டிலை யாருக்கும் தடவக் கொடுக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். ஒரு கிராமில் லட்சக்கணக்கான பாக்டீரியா இருந்தாலும் வெள்ளை லோஷனில் கண்ணுக்குத் தெரியாது, மணமும் மாறாமல் இருக்கலாம். விரிசல் விட்ட கையில் தடவுகிற பொருள் இது.

துலாக்கோல்
மார்ச் 4, இரவு 9.10

மத்து சொன்னதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், கெட்டியிலேயே கண்ணாக இருந்துவிட்டேன். ஒரு திருத்தம் மட்டும். அளவு வரம்புகளை அமிலமாகக் கணக்கிடுவார்கள், உப்பாக அல்ல. 0.5 கிராம் சோடியம் பென்சோயேட் என்பது 0.42 கிராம் பென்சோயிக் அமிலம், 0.3 கிராம் பொட்டாசியம் சோர்பேட் என்பது 0.22 கிராம் சோர்பிக் அமிலம். ஐரோப்பிய ஒன்றிய விதியில் கழுவாமல் விடும் பொருளுக்கு பென்சோயிக் 0.5%, சோர்பிக் 0.6%, இரண்டும் அமிலக் கணக்கில். அந்த 0.42 கிராமில் நூறில் ஒரு பங்கு என்றால், 6.2ல் உங்களிடம் உண்மையில் வேலை செய்யும் பென்சோயிக் 0.004 கிராம்.

இப்போது சிக்கலின் முடிச்சு தெரிகிறது. பிரிசர்வேட்டிவ் வேலை செய்ய பிஎச்சை 5க்கு இறக்க வேண்டும். இறக்கினால் கார்போமரின் காரம் பறிபோய் இன்னும் நீர்க்கும். கார்போமருக்காக 6க்கு மேல் வைத்தால் பிரிசர்வேட்டிவ் தூங்கும். இந்த இரண்டையும் ஒரே பாட்டிலில் சமாதானப்படுத்த முடியாது. ஒன்றை மாற்றியே ஆக வேண்டும்.

புதுக்குடுவை
மார்ச் 5, காலை 8.00

பிரிசர்வேட்டிவை எடுத்துவிட்டு வைட்டமின் ஈ போட்டால்? கிரேப்ஃப்ரூட் விதைச் சாறும் இருக்கிறது.

துலாக்கோல்
மார்ச் 5, காலை 8.25

வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட். பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. விதைச் சாற்றையும் நம்பாதீர்கள். 70%க்கு மேல் தண்ணீர் உள்ள எதற்கும் பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சை மூன்றையும் தடுக்கிற பிரிசர்வேட்டிவ் கட்டாயம். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

துலாக்கோல்
மார்ச் 5, பிற்பகல் 12.40

இரண்டு வழி.

வழி ஒன்று: பிரிசர்வேட்டிவ் அப்படியே, கார்போமருக்குப் பதில் சாந்தன் கம் (நீரைக் கெட்டியாக்கும் பிசின்), பிஎச் 5.0. சாந்தன் உப்பையும் 5.0ஐயும் தாங்கும்.

வழி இரண்டு: கார்போமர் அப்படியே, பிரிசர்வேட்டிவை ஃபீனாக்சிஎத்தனால் 9 பங்கு, எத்தில்ஹெக்சில்கிளிசரின் 1 பங்கு கலந்த கலவைக்கு மாற்றி 1.0%, பிஎச் 6.0. அது உப்பு அல்ல, பிஎச்சையும் பெரிதாகப் பார்க்காது. குறை: எண்ணெய்க்குள்ளும் பாலிசார்பேட்டின் நுண்கூட்டங்களுக்குள்ளும் ஒரு பகுதி ஒளிந்துகொள்ளும், நீரில் மிச்சமிருப்பதுதான் காவல். லோஷனைக் கொஞ்சம் நீர்க்கவும் வைக்கும். கற்றாழையை இந்த வழியில் தூக்கிவிடுங்கள்.

நான் முதல் வழியையே எடுப்பேன். கையில் இருக்கும் பிரிசர்வேட்டிவே போதும். 100 கிராமுக்கு:

தண்ணீர் 73.2
டைசோடியம் இடிடிஏ 0.1
சோடியம் பென்சோயேட் 0.5
பொட்டாசியம் சோர்பேட் 0.3
கிளிசரின் 4
சாந்தன் கம் 0.3
எமல்சிஃபையிங் வாக்ஸ் 4
சூரியகாந்தி எண்ணெய் 10
ஷியா வெண்ணெய் 4
செட்டோஸ்டியரில் ஆல்கஹால் 2
வைட்டமின் ஈ 0.2
வாசனை 0.4
சிட்ரிக் அமிலம் 20% கரைசலும் ஈடுகட்டும் நீரும் சேர்த்து 1.0

சிட்ரிக் கரைசல் சுமார் 0.7 கிராம் பிடிக்கும், ஆனால் அளவைப் பார்க்காமல் மீட்டரைப் பார்த்து விடுங்கள். செட்டைல் தனியாக இருப்பதைவிட செட்டைல், ஸ்டியரில் கலந்த ஆல்கஹால் நாள்பட்டால் குறைவாகப் படிகமாகும், அதனால் மாற்றினேன். இடிடிஏ, சூடோமோனாஸ் போன்ற கிராம் நெகடிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வைத் தளர்த்தி பிரிசர்வேட்டிவுக்கு வழிவிடும். வாசனையைக் குறைத்தது எமல்ஷனுக்காக. தோலுக்கான உச்ச அளவு வாசனை விற்றவர் தரும் இஃப்ரா (சர்வதேச வாசனைப் பொருள் சங்கம்) சான்றிதழில் இருக்கும்.

கற்றாழை இந்த பேட்ச்சில் வேண்டாம். முதலில் அது இல்லாமல் நிலைக்கட்டும், பிறகு தண்ணீரில் 10ஐக் குறைத்துச் சேருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எது காப்பாற்றியது எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

துலாக்கோல்
மார்ச் 5, பிற்பகல் 3.15

செய்முறை. அளவுக்குச் சமமாக இதுவும் முக்கியம்.

சாந்தனை நேரே தண்ணீரில் தூவினால் மீன்கண் போல உள்ளே உலர்ந்த உருண்டைகள் வரும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் போகாது. கிளிசரினில் குழைத்து, சுழன்றுகொண்டிருக்கும் குளிர்ந்த தண்ணீரில் ஊற்றி 15 நிமிடம் ஊறவிடுங்கள். இடிடிஏ, பென்சோயேட், சோர்பேட் மூன்றையும் அதிலேயே கரையுங்கள். மூன்றும் சூடு தாங்கும்.

பாத்திரத்தோடு எடை குறித்துக்கொண்டு 75 டிகிரிக்கு ஏற்றி 20 நிமிடம் அதே சூட்டில் வையுங்கள். எண்ணெய்ப் பகுதி தனியாக, அதுவும் 75. செட்டைல் ஆல்கஹால் 49 டிகிரியிலேயே உருகும், பிறகு எதற்கு 75 என்றால்: நீர் குளிர்ந்திருந்தால் சூடான மெழுகு அதில் பட்ட கணமே உறைந்து குருணையாகும். இரண்டும் ஒரே சூட்டில் சந்திக்க வேண்டும்.

நீரை மறுபடி எடை போட்டு, ஆவியானதைக் கொதித்த நீரால் ஈடுகட்டுங்கள். எண்ணெயை நீரில் ஊற்றுங்கள். பிளெண்டர் தலை முழுக்க மூழ்கியிருக்க, சாய்த்துக் காற்றை வெளியே விட்டபின் ஓட்டி, 20 விநாடி ஓட்டம் 20 விநாடி நிறுத்தம் என்று மொத்தம் 2 நிமிடம். 55 டிகிரிக்குக் கீழே பிளெண்டர் வேண்டாம், கரண்டி மட்டும். கட்டத் தொடங்கிய மெழுகு வலையை பிளெண்டர் கிழித்துவிட்டால் பிறகு கட்டாது.

40க்குக் கீழே வந்ததும் வைட்டமின் ஈ, வாசனை. கடைசியாக சிட்ரிக், சொட்டுச் சொட்டாக, கலக்கிக்கொண்டே. ஒரே இடத்தில் மொத்தமாக விட்டால் அந்த இடத்தில் மட்டும் பிஎச் சரிந்து பென்சோயிக் அமிலம் வெள்ளைத் துகளாக வெளியே வரும்.

மத்து
மார்ச் 5, இரவு 7.30

பிஎச் தாளை நம்பவேண்டாம், 5.0க்கும் 5.5க்கும் அது காட்டும் நிற வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. மேலே உள்ள கணக்குப்படி அந்த அரைப் புள்ளியில் வேலை செய்யும் பென்சோயிக் மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. 4.01, 7.00 இரண்டு திரவத்திலும் சரிசெய்த மீட்டர் வேண்டும். லோஷன் 1 பங்கு, காய்ச்சி வடித்த நீர் 9 பங்கு கலந்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் அளந்து பாருங்கள். மின்முனையில் மெழுகு ஒட்டினால் அடுத்த அளவு பொய் சொல்லும், துடைத்து, சோப்புத் தண்ணீரில் அலசி, நல்ல நீரில் கழுவுங்கள்.

கேட்காவிட்டாலும் இன்னொன்று: பின்னால் வைட்டமின் சி சேர்க்க ஆசை வந்தால் பென்சோயேட் உள்ள பாட்டிலில் சேர்க்காதீர்கள். பென்சோயேட்டும் அஸ்கார்பிக் அமிலமும் சேர்ந்து பென்சீன் உண்டாக வாய்ப்பு இருக்கிறது.

புதுக்குடுவை
மார்ச் 9, மாலை 5.45

கார்போமர் ஜெல் சோதனை செய்தேன். பென்சோயேட் போட்ட பாதி ஊற்றினால் தண்ணீராக ஓடுகிறது. புது பேட்ச் பிஎச் 5.0. ஆனால் விரலில் எடுத்தால் லேசாக நூல் இழுக்கிறது, கொஞ்சம் வழவழப்பு. சாந்தனை 0.15 ஆக்கவா? சரியாக வந்தால் 5 கிலோ போடலாம் என்று இருக்கிறேன்.

துலாக்கோல்
மார்ச் 9, இரவு 8.20

நூல் சாந்தனின் இயல்பு. 0.15க்குப் போனால் துளிகளைத் தாங்கும் பலமும் போய்விடும், பழைய தண்ணீர் திரும்பி வரும். 0.2ல் நிறுத்துங்கள். தேய்க்கும்போது மென்மை வேண்டுமானால் எண்ணெயில் 1 கிராமைக் குறைத்து டைமெத்திகோன் (சிலிகோன் எண்ணெய்) 1 சேருங்கள். வெள்ளையாக நுரைப்பதும் அதனால் குறையும்.

ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸ் என்ற இன்னொரு கெட்டியாக்கி நூல் இழுக்காது, ஆனால் சாந்தன் போல அசையாமல் நிற்கும்போது துளியைப் பிடித்து வைக்காது. அது தேவைப்படும் இடம் கண்டிஷனர். கண்டிஷனர் போல நேர்மின் எமல்சிஃபையர் உள்ள பொருளில் சாந்தனோ கார்போமரோ போட்டால் கட்டி கட்டியாகத் திரியும்.

5 கிலோ இப்போது வேண்டாம். முதலில் சோதனை.

துலாக்கோல்
மார்ச் 10, காலை 6.55

சோதனை என்று சொல்லி விட்டுவிட்டேன். ஒரே பேட்ச்சிலிருந்து நாலு பாட்டில்: ஒன்று 45 டிகிரியில், ஒன்று அறையில், ஒன்று குளிர்பெட்டியில், ஒன்று 24 மணி நேரம் மைனஸ் 10, 24 மணி நேரம் அறை வெப்பம் என்று மூன்று சுற்று. மையவிலக்கு கிடைத்தால் நிமிடத்துக்கு 3000 சுற்றில் 30 நிமிடம். அதில் ஏடு கட்டினால் மற்றதற்குக் காத்திருக்கவே வேண்டாம். வாரம் ஒருமுறை பிஎச், மணம், நிறம் குறியுங்கள். 45ல் மூன்று மாதம் தாங்கினால் அறையில் நீண்ட காலம் தாங்கும் என்பது அனுபவ அளவுகோல்தான், உத்தரவாதம் இல்லை.

பிரிசர்வேட்டிவை வீட்டில் சோதிக்க வழியில்லை. ஆய்வகத்தில் ஐஎஸ்ஓ 11930 முறையில் ஐந்து நுண்ணுயிர்களை ஏற்றி 28 நாள் பார்ப்பார்கள். கடுமையான அளவுகோலில் பாக்டீரியா ஏழு நாளில் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்திருக்க வேண்டும். பிறருக்கு விற்பதாக இருந்தால் இதைத் தாண்டாமல் ஒரு பாட்டில்கூட வெளியே போகக்கூடாது.

மத்து
மார்ச் 10, காலை 9.05

5 கிலோவில் மாறுவது சூடு ஆறும் நேரம். 100 கிராம் அரைமணிக்குள் ஆறும், 5 கிலோ மணிக்கணக்கில் எடுக்கும். மெதுவாக ஆறினால் ஷியா மணல் மணலாகப் படியும், வலையின் தன்மையும் மாறும், அதனால் அதே அளவு வேறு லோஷனாக வரும். பாத்திரத்தைக் குளிர்ந்த நீர்த்தொட்டியில் வைத்து, ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே கலக்குங்கள். அல்லது நீரில் 25 பங்கை முன்பே கொதிக்கவைத்து மூடி ஆறவிட்டு, எமல்ஷன் ஆனபின் மெல்ல ஊற்றலாம். கை பிளெண்டர் 5 கிலோவின் நடுப்பகுதியைத்தான் சுழற்றும், ஓரத்தில் பெரிய துளிகள் அப்படியே நிற்கும். 500 கிராம், 1 கிலோ என்று படியேறுங்கள்.

புதுக்குடுவை
ஏப்ரல் 22, காலை 11.30

சாந்தன் 0.2, டைமெத்திகோன் 1. 45 டிகிரியில் ஆறு வாரம். தண்ணீர் இல்லை, மூன்று உறைசுற்றிலும் பிரியவில்லை. பிஎச் மட்டும் 5.0லிருந்து 5.2. அறையில் வைத்தது 5.1. ஆய்வகத்துக்கு அனுப்பலாமா?

துலாக்கோல்
ஏப்ரல் 22, பிற்பகல் 2.10

முதலில் மீட்டரை 4.01 திரவத்தில் சரிபாருங்கள். 0.1 அதனாலேயே வந்திருக்கலாம். மீட்டர் சரியென்றால், 5.2ல் வேலை செய்யும் பென்சோயிக் 9%, சோர்பிக் 27%. தொடக்கத்தில் இருந்த 13.7, 36.5லிருந்து நிறையவே இறங்கியிருக்கிறது. ஆயுள் முடியும்போது பிஎச் எங்கே நிற்கிறதோ அதுதான் கணக்கு.

அடுத்த பேட்ச்சை 4.8ல் நிறுத்துங்கள். அங்கே பென்சோயிக் 20%, சோர்பிக் 48%. 0.2 ஏறினாலும் 5.0ல்தான் நிற்கும். சாந்தனும் வாக்ஸும் 4.8ஐத் தாங்கும். அந்தப் பாட்டிலை அனுப்புங்கள், இதை அல்ல. இதை 45லேயே பன்னிரண்டு வாரம் வரை விட்டு வையுங்கள்.